ஓர் ஆள் இன்னும் ஏறவில்லை

கடல் பொங்கி வந்து கரையோரத்துச் சனங்களை வாரிக்கொண்டு போன வருஷம் அது. நமக்கும் கடலுக்கும் நடுவில் எத்தனையோ ஊர் கிடக்கிறது. ஆனாலும் கூடலூர் டீக்கடைகளில் அந்த வாரம் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. லோயர் கேம்புக்கு மேலே மண் சரிந்து ஜீப்பெல்லாம் கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப் போனதும், திராட்சைப் பந்தலில் நோய் விழுந்து கொடியைத் தூரோடு வெட்டிப் போட்டதும் அதே வருஷம்தான். அந்தப் புரட்டாசியில் உன் தங்கச்சி பிறந்தாள். உனக்குத் தேதி, கிழமை எல்லாம் போனில் இருக்கும். எனக்கு எழுத்து தெரியாது. யார் எந்த இடத்தில் நின்று என்ன சொன்னார்கள் என்பது மட்டும் வார்த்தை பிசகாமல் நினைவில் நிற்கும். பொய் சொல்கிறவர்களுக்கு என்னைப் பிடிக்காமல் போவது இதனால்தான். உனக்கும் இனிமேல் பிடிக்காது.

கம்பத்து ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் என் அக்கா, உன் அத்தை இருளாயி, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாள்: “வயித்துல வச்சுக்கிட்டு கிரகணத்தன்னைக்கு வெளிய திரிஞ்சிருப்பா. இல்லாட்டி பிள்ளைக்குக் கண்ணு இப்பிடி ஏறிக்கிட்டா இருக்கும்?” உன் ஆத்தா பிள்ளையைத் துணியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைச் சாகிற வருஷம் வரைக்கும் சுமந்தாள். அதை இறக்கி வைத்தவன் நீ. அதையும் மறைக்காமல் இதில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் தெரியாதவன் இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் தூ என்று துப்பிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். எல்லாம் தெரிந்த நீ செய்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. காதர் மாமா மகள் ஷகிலாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். காதர் மாமா காலமான பிறகு அவர் இடத்தில் அவள் உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதித் தருகிறாள். நான் பேசப் பேச இதையும் அவள்தான் எழுதுகிறாள், என் பேச்சைக் கோர்ட்டு ஏற்றுக்கொள்ளும் பாஷைக்குத் திருத்தி. பத்திரிகையை மேலிருந்து கீழே வரைக்கும் வாசித்தாள். நிறுத்தினாள். “மறுபடி வாசி தாயி” என்றேன். வாசித்தாள். “இல்ல மாமா, அவ பேரு இல்ல” என்றாள். “அச்சுல விட்டுப்போயிருக்குமோ?” “மழலை மொழியில் அழைக்கும்னு போட்டு, போன மாசம் பெறந்த கைப்பிள்ளை பேரு வரைக்கும் போட்டிருக்காக மாமா. இது விட்டுப்போனது இல்ல.” அந்தக் கைப்பிள்ளைக்கு இன்னும் அழவே சரியாக வரவில்லை, அது ஊரை அழைக்கிறது. உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள் அழைக்கவில்லை.

அந்தப் பத்திரிகை எந்தெந்த வீட்டுக்குப் போனதோ, அந்த வீட்டுக்கெல்லாம் இந்தக் கடிதமும் போகும். தேவதானப்பட்டியில் உன் பெண் வீட்டுக்கும் போகும். இதைச் சொன்னதும் ஷகிலா எழுதுவதை நிறுத்திவிட்டாள். “பொண்ணு வீட்டுக்குமா மாமா? கல்யாணம் நின்னு போச்சுன்னா?” “இதைப் படிச்சு நிக்கிற கல்யாணம்னா நிக்கட்டும். நீ எழுது.” “கொஞ்சம் காட்டமா இருக்கே.” “பத்தாது. இன்னும் ரெண்டு மொளகா கிள்ளிப் போடு.” சிரித்துக்கொண்டேதான் எழுதினாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்பதையும் நான் பார்த்தேன்.

நான் ஜீப் ஓட்டினவன். விடியும் முன்னே கூடலூரில் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளியைத் தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய மறுபடி அழைத்து வருவேன். உன் ஆத்தாவும் அதில்தான் வேலைக்குப் போனாள். உன் தங்கச்சியைச் சேர்த்துக்கொள்ள எந்தப் பள்ளிக்கூடமும் முன்வராததால் அவளும் ஆத்தாவின் இடுப்பிலும், பிறகு மடியிலும், பிறகு எனக்குப் பின்னால் நின்றுகொண்டும் வந்தாள். நம் வண்டியில் ஒரு வழக்கம் இருந்தது, நீயும் அறிவாய். ‘எல்லாரும் ஏறியாச்சா’ என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் முன்னால் இருக்கிறவள் வெற்றிலையை மென்றுகொண்டே ‘ஆச்சு’ என்று சொல்லிவிடுவாள்; பின்னால் நடப்பது அவளுக்கு எங்கே தெரியும்? அதனால் ஏறாதவள்தான் கத்த வேண்டும். ஒரு கால் தரையில் இருக்கிற வரைக்கும் ‘இரு, இரு’ என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குரல் பாக்கி இருந்தாலும் வண்டியை நகர்த்த மாட்டேன். எல்லாக் குரலும் அடங்கினால்தான் கிளம்பும்.

ஒரு சாயங்காலம், மூடுபனி இறங்கியிருந்தது. பவுனு என்கிற பெண்ணின் தூக்குச்சட்டி உருண்டு பின் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மறுகையால் துழாவிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துவிட்டோம், ஏறின மாதிரிதான் என்று நினைத்து அவள் கத்தவில்லை. கம்பியில் கை தெரிந்ததால் மற்றவர்களும் அவளை ஏறிய கணக்கில் சேர்த்துவிட்டார்கள். குரல் இல்லை. நான் ரிவர்ஸ் போட்டேன். அப்போது என் காதுக்குப் பின்னால் ஒரு கத்தல்: “இரு! இரு! அப்பா இரு! பவுனு ஏறல!” பிரேக்கை மிதித்தேன். சட்டி நசுங்கியது, பவுனு நசுங்கவில்லை. கத்தினது உன் தங்கச்சி. அவளுக்கு ஆட்களை எண்ணத் தெரியாது. ஆனால் வண்டிக்குள் எந்த இடத்தில் யார் வாசம் வர வேண்டும் என்று தெரியும். பவுனு ஏறி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, “என்னப் பெத்த ஆத்தா, நீ நல்லாருப்ப” என்று அழுதாள். பள்ளிக்கூட லீவுக்கு வந்திருந்த நீ முன் சீட்டில் இருந்தாய். திரும்பிப் பார்த்தாய். இதை மறந்துவிட்டேன் என்று சொல்லாதே. நீ மறக்கவில்லை என்பதற்கு ஒரு ஹால் நிறையச் சாட்சி இருக்கிறது.

போன மாசியில் உத்தமபாளையத்துக் காலேஜ் ஒன்றில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தாய். திரையில் உன் ஆராய்ச்சியைக் காட்டினாய். ஒரு செல் ரெண்டாகப் பிரிவதற்கு முன்னால் அதற்குள் இருக்கிற குரோமோசோம் ஒவ்வொன்றும் ரெட்டையாகி ஒட்டிக்கொண்டு நிற்கும் என்றாய். ரெண்டு முனையில் இருந்தும் நூல் புறப்பட்டு வரும். நுண்குழல் என்று தமிழில் ஒரு பெயர் சொன்னாய். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி அந்த நூல் நீளும், சுருங்கும், மறுபடி நீளும். ரெட்டையில் ஒன்றை இந்த முனையின் நூல் பிடிக்க வேண்டும், மற்றதை அந்த முனையின் நூல் பிடிக்க வேண்டும். ரெண்டு பக்கமும் இழுத்தால் கட்டு விறைத்து நிற்கும். ரெண்டையும் ஒரே முனை பிடித்துக்கொண்டால் இழுப்பு இல்லாமல் தொளதொளவென்று கிடக்கும். அந்த மாதிரி தொளதொளத்த கட்டை அறுத்துவிடுவதற்கென்றே அங்கே ஒரு புரதம் காவல் இருக்கிறது என்று சொல்லி அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் சொன்னாய். பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர் மாதிரி இருந்தது. அறுந்த நூல் மறுபடி துழாவும், மறுபடி பிடிக்கும், சரியாக விறைக்கும் வரைக்கும். நூலே வந்து பிடிக்காத குரோமோசோம் சும்மா இருக்காது, ‘இரு, இரு’ என்று செல் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒன்றே ஒன்று பாக்கி என்றாலும் மற்றதெல்லாம் காத்து நிற்கும், செல் பிரியாது. இதைச் சொல்லிவிட்டு என்னைக் கை காட்டினாய். “எங்கப்பா ஓட்டின ஜீப்பு மாதிரி” என்றாய். ஹாலே திரும்பிப் பார்த்தது. எனக்குப் பெருமையில் மீசை துடித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பவுனு கதையைச் சொன்னாய். மூடுபனி, தூக்குச்சட்டி, ரிவர்ஸ், எல்லாம் சொன்னாய். கடைசியில் “யாரோ ஒரு சின்னப் பொண்ணு சத்தம் போட்டுச்சு” என்றாய். யாரோ. எல்லாரும் கை தட்டினார்கள். நான் என் பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். அது காலியாக இருந்தது. “அவ வேணாம்ப்பா, ஏசி ஹாலு, அவளுக்குச் சேராது” என்று நீதான் சொல்லியிருந்தாய். மலைப் பனியில் வளர்ந்தவளுக்கு உத்தமபாளையத்து ஏசி சேராதாம். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த ஹாலில் ஒரு பெண் பிள்ளை எழுந்து கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். “சார், நூல் பிடிச்சிருக்கு, ஆனா தப்பா பிடிச்சிருக்கு. ஒரே எடத்தை ரெண்டு முனையும் சேர்ந்து பிடிச்சிருச்சுன்னா, அது சத்தம் போடுமா?” நீ கொஞ்சம் யோசித்தாய். “நல்ல கேள்வி. பெரும்பாலும் போடாது. பிடிதான் இருக்கே, அதனால செல் எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் பிரிய ஆரம்பிச்சிரும். அது மட்டும் நடுவுல பின்தங்கிக் கிடக்கும். அதுதான் ரொம்ப ஆபத்து” என்றாய். அந்தப் பதிலை நான் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். இப்போது உன் முகத்துக்கு நேரே விரிக்கிறேன். உன் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், ‘அண்ணன் கல்யாணம்’ என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறாள். ஒரு கை கம்பியில் இருக்கிறது. அவள் கத்தவில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து நீ வண்டியை எடுத்துவிட்டாய்.

உன் ஆத்தா சிறுநீரகம் கெட்டுப் படுத்த கடைசி வருஷம் நீ வந்திருந்தாய். அவள் கட்டிலில் உட்கார்ந்து கிரகணத்தைப் பற்றிக் கேட்டாள். “அன்னைக்கு நான் வெளிய போகவே இல்லய்யா. வாசல்ல காஞ்ச துணிய எடுத்தேன், அம்புட்டுத்தான். அதுவா இருக்குமோ?” உனக்குக் கண் கலங்கியது. தங்கச்சியைக் கூப்பிட்டு ஆத்தாவின் ஒரு கையைப் பிடிக்கச் சொன்னாய். மறுகையை நீ பிடித்தாய். “இப்ப நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமா இழுக்குறோம். நீ நடுவுல நேரா உக்காந்திருக்க. இதுதான் சரியான கட்டு.” பிறகு தங்கச்சியையும் உன் பக்கத்துக்கே வரச் சொல்லி ரெண்டு பேரும் ஒரே பக்கம் மெதுவாக இழுத்தீர்கள். ஆத்தா சாய்ந்தாள், உன் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். “முட்டை உருவாகும்போது இப்பிடி ஒரு எடத்துல ஆயிருச்சும்மா. இருபத்தொண்ணாவது சோடி பிரியாம ஒரே பக்கமா வந்துருச்சு, அதான் தங்கச்சிக்கு ஒண்ணு கூடிப்போச்சு. பொம்பளையோட கருமுட்டை, அவ தன் ஆத்தா வயித்துல இருக்கும்போதே உருவாகிக் காத்துக் கெடக்கும். வருசம் ஆக ஆகச் சோடியைச் சேர்த்து வச்சிருக்கிற பிடி தளரும். அப்ப நூலு மாறிப் பிடிக்கும். கிரகணமும் இல்ல, துணியும் இல்ல, நீயும் இல்ல. யாரும் பண்ணல.” உனக்குப் பிறகு வயிற்றில் ரெண்டு பிள்ளை தங்காமல் போனதே, அதுவும் இந்த மாதிரிதானா என்று நீயாகவே நினைத்து, அதுவும் அப்படி இருந்திருக்கலாம் என்றாய். உன் ஆத்தா உன் கையை விடவே இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இது பரம்பரையாக வருகிற வகையா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வைத்ததும் நீதான். இல்லை என்று டாக்டர் சொன்னதை என்னிடம் வந்து சொன்னதும் நீதான்.

இப்போது சொல். அந்தக் கட்டிலில் உன் எதிர்ப்பக்கம் கையைப் பிடித்து இழுத்தவள் யார்? யாரோ ஒரு சின்னப் பொண்ணா?

போன வாரம் தேவதானப்பட்டியில் இருந்து உன் மாமியாராகப் போகிறவர் சீர் பேச வந்தார். நல்ல பெண்பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். உன் தங்கச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தடவிவிட்டு என்னிடம் சொன்னார்: “தம்பி எல்லாம் சொன்னாரு. தூரத்துச் சொந்தம்னாலும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைய இங்கன வச்சு வளக்குறீகளாமே. எம்புட்டு பெரிய மனசு ஒங்களுக்கு.” ஏலே, தகப்பன் இல்லாத பிள்ளை என்று என்னிடமே சொன்னார். என் பிள்ளையை நான் வளர்த்ததற்கு எனக்குப் பெரிய மனசாம். உன் தங்கச்சி சும்மா நிற்கவில்லை. இடுப்பில் இருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே ஆட்டிக்காட்டி, “நாந்தா நாத்தனா. முடிச்சு நாந்தா” என்றாள். அவள் பேச்சு பழகாதவர்களுக்குப் புரியாது. அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. “என்ன சிரிப்பு பாருங்க, யாரு பெத்த பிள்ளையோ” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். அவர் உன்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பயம் அவருடையது இல்லை. உன்னுடையது.

அவர் படி இறங்கியதும் உனக்குப் போன் போட்டேன். “ஒனக்குத் தங்கச்சி இருக்காளா இல்லையாடா?” என்றேன். “அப்பா, நான் மெதுவா எடுத்துச் சொல்லிக்கிறேன். கல்யாணம் முடியட்டும்.” “முடிச்சு யாரு போடுறது?” “என்கூட வேலை பாக்குறவரு சம்சாரம் வாராக. எனக்கு அக்கா மாதிரி.” “மாதிரியா? அப்ப இவ யாரு மாதிரி?” “அப்பா, மேடையில அத்தனை பேரு இருப்பாக, வீடியோ எடுப்பாக. இவளுக்குக் கை நடுங்கும். முடிச்சு அவுந்துச்சுன்னா அபசகுனம்னு அங்கன எல்லாரும் பேசுவாக.” அபசகுனம். கிரகணம் இல்லை என்று ஆத்தாவுக்குச் சொன்ன வாயால் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன்.

கை நடுங்குமா என்று நீ பார்த்தாயா? எனக்குக் கண் மங்கிய பிறகு ஜீப் வாசலில்தான் நிற்கிறது. உன் கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளில் இருந்து தினமும் அவள் அதில் ஏறி, கியர் கம்பியைப் பெண்ணின் கழுத்தாக நினைத்துக்கொண்டு, மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பழகுகிறாள். முதல் முடிச்சைப் போடாமல் விட்டுவிடுகிறாள். “அது அண்ணன் போடுறது” என்கிறாள். ரெண்டாவதையும் மூன்றாவதையும் உதட்டைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறாள். நேற்று அவற்றை அவிழ்த்துப் பார்க்க நினைத்தேன். என்னால் ஆகவில்லை. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தேன்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றும் இல்லை. நீ படித்தவன், உன் புத்தியையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். நீ போட்டிருக்கிற கட்டு தொளதொளவென்று கிடக்கிறது. அந்தப் பெண் வீட்டில் ஒரு முனையை மட்டும் கொடுத்துவிட்டு, இந்த வீட்டு முனையை நீயே பிடுங்கிவிட்டாய். அறுத்துவிடு. வெட்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்கு முன்னால் நீயே தேவதானப்பட்டிக்குப் போன் போட்டு, எனக்குத் தங்கச்சி இருக்கிறாள், நான் பொய் சொன்னேன் என்று உன் வாயால் சொல்லு. அந்தப் பெண் கேட்டுவிட்டு நின்றால் அது விறைத்து நிற்கிற கட்டு. போய்விட்டால், அது என்றைக்குமே கட்டாக இருக்கவில்லை. இப்படியே கிடக்கட்டும் என்று வண்டியை எடுத்தாயானால், நான் வருவேன். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் முதல் வரிசையில் உட்காருவேன், இந்தத் தடவை பக்கத்துச் சீட்டில் அவள் இருப்பாள். கெட்டிமேளம் என்று யார் குரல் கொடுத்தாலும் அதற்கு மேலே என் குரல் கேட்கும்: இரு. ஓர் ஆள் இன்னும் ஏறவில்லை. மலைப்பாதையில் ஹாரன் இல்லாமல் ஜீப் ஓட்டின தொண்டை இது, வீடியோவில் நன்றாகவே பதியும். அவள் கத்த மாட்டாள். அவளுக்காகக் கத்துகிற வேலை இப்போது என்னுடையது.

நம் வீட்டுத் தாலிக்கு நம் வீட்டில் பிறந்த பெண்தான் ரெண்டாவது, மூன்றாவது முடிச்சைப் போட வேண்டும். மாதிரிகள் போடக் கூடாது. என் அப்பனுக்கு அவர் தங்கச்சி ஒச்சம்மா போட்டாள். அவளைப் புதைத்த இடத்தில் இன்றைக்கு ரோடு ஓடுகிறது. எனக்கு இருளாயி போட்டாள். வாய் பொல்லாதவள்தான், ஆனால் முடிச்சு கடைசி வரைக்கும் நின்றது. கொரோனாவில் போனாள், முகம் பார்க்க விடவில்லை. உன் பெரியப்பன் மகள் செல்வி இருந்தால் உனக்கு அக்கா முறை, அவள் போட்டிருக்கலாம். பள்ளிக்கூடம் போகிற வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மிச்சம் உயிரோடு இருப்பது ஒருத்திதான். உன் பத்திரிகையில் இடம் இல்லாமல் போன பெயர் என்பதால், ஷகிலாவிடம் பெரிய எழுத்தில், தனி வரியில் எழுதச் சொல்கிறேன்.

முத்துப்பேச்சி.